அதிமதுரம்: எவ்வளவு, எத்தனை நாள்?

நீலமலர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 63. பல நாள்களாக நீங்காதிருந்த வறட்டு இருமலுக்காக, உறவினர் ஒருவர் கூறியபடி, அதிமதுரச் சூரணத்தைத் தேனில் குழைத்துக் காலையும் இரவும் ஒரு தேக்கரண்டி வீதம் உட்கொள்ளத் தொடங்கினார். விரைவிலேயே இருமல் தணிந்தது. அதன் பிறகும், தொண்டைக்கு இதமாக இருக்கிறது, நெஞ்செரிச்சலும் குறைந்திருக்கிறது என்று சொல்லி அவர் அதை நிறுத்தவில்லை. இப்போது இரண்டு மாதங்களுக்கு மேலாகிறது. அவர் இரத்த அழுத்தத்துக்கு நெடுங்காலமாக மாத்திரை எடுத்து வருபவர். கட்டுக்குள் இருந்த அழுத்தம் அண்மையில் ஏறுமுகமாகவே இருக்கிறது. மாலை வேளைகளில் கணுக்கால் வீங்குவதாகவும் சொல்கிறார்.

இவற்றுக்கும் அதிமதுரத்துக்கும் தொடர்பு இருக்க முடியுமா என்பது என் முதல் கேள்வி. எந்த அளவில், எத்தனை காலம் அதை எடுத்துக்கொள்வதை மருத்துவம் ஏற்கிறது என்பது இரண்டாவது. இதுபற்றி அறிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவளாவேன்.

பசுந்தளிர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். தங்கள் தாயாரின் இருமல் தீர்ந்ததில் வியப்பொன்றும் இல்லை. சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் யுனானியும் சீன மருத்துவமும் ஒருமித்துப் போற்றும் வேர்கள் மிகச் சிலவே. அவற்றுள் அதிமதுரம் முதன்மையானது. கிரேக்க அறிஞரான தியோஃபிராஸ்டஸ், கி.மு. 3ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மறைந்தவர், இந்த வேர் மூச்சிரைப்புக்கும் வறட்டு இருமலுக்கும் மார்பு நோய்களுக்கும் உதவும் என்று அன்றே எழுதிவைத்திருக்கிறார். இருபத்து மூன்று நூற்றாண்டுகளாக மக்கள் உண்டு வந்த ஒரு வேர் தீங்கு செய்யக்கூடியதாக இருந்திருந்தால், அது எப்போதோ கைவிடப்பட்டிருக்கும் அல்லவா? இரத்த அழுத்தம் ஏறுவதற்கு உப்பு, உறக்கக் குறைவு, மன உளைச்சல் எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றை முதலில் ஆராய்வதே முறை. வைரசு நோய்களையும் தடுக்க வல்லது என்று ஆய்வுகள் சொல்லும் ஒரு மருந்தை வீணாக ஐயுற்று நிறுத்த வேண்டியதில்லை என்பது என் கருத்து.

தராசுமுள் எழுதியது:

நான் மருந்தாளுநர். நீலமலர் அம்மையாருக்கு முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டு, காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதிமதுரத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். தாயாரின் மருத்துவரிடம் இந்த இரண்டு மாத அதிமதுரத்தைப் பற்றிச் சொல்லி, இரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

காரணம் இது. அதிமதுர வேரின் இனிப்புக்குக் காரணமான பொருள் கிளைசிரைசின். சர்க்கரையைவிட முப்பது முதல் ஐம்பது மடங்கு இனிப்பானது. இனிப்பு மெல்லத் தொடங்கி நாவில் நெடுநேரம் நிற்கும். அதைக் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் உடைத்துக் கிளைசிரெட்டினிக் அமிலமாக மாற்றுகின்றன; இரத்தத்தில் சேர்வது பெரும்பாலும் இந்த அமிலமே. இது சிறுநீரகத்தில் உள்ள ஒரு நொதியின் வேலையைத் தடுத்துவிடுகிறது.

அந்த நொதிக்கு என்ன வேலை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உடலில் உப்பையும் நீரையும் தக்கவைக்கும்படி சிறுநீரகத்துக்குக் கட்டளையிடுவது ஆல்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீர். அது வந்து பொருந்தும் அதே ஏற்பியில் கார்ட்டிசால் என்னும் வேறோர் இயக்குநீரும் பொருந்த வல்லது. அத்துடன், இரத்தத்தில் கார்ட்டிசாலின் அளவு ஆல்டோஸ்டிரோனைவிடப் பன்மடங்கு அதிகம். ஆகவே, கார்ட்டிசால் அந்த ஏற்பியை நெருங்குமுன் அதைச் செயலற்ற கார்ட்டிசோனாக மாற்றிவிடும் காவல் வேலையை மேற்சொன்ன நொதி செய்கிறது. அதிமதுரம் அந்தக் காவலை விலக்கிவிடுகிறது. விளைவாக, ஆல்டோஸ்டிரோன் மிகுந்துவிட்டது போல உடல் நடந்துகொள்கிறது: சோடியமும் நீரும் தங்குகின்றன, பொட்டாசியம் சிறுநீரோடு வெளியேறுகிறது. இரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், பொட்டாசியம் மிகவும் குறைந்தால் தசை தளரும், இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும். இந்த வழிமுறை 1987இல் பிரித்தானிய ஆய்வாளர்களால் தெளிவாக்கப்பட்டது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நோயாளிகளிடம் விளைவு காணப்பட்டுவிட்டது. காரணம்தான் விளங்காமல் இருந்தது.

இனி, கணக்கு. வேரில் கிளைசிரைசின் சுமார் 2 முதல் 15 விழுக்காடு வரை இருக்கலாம். வகை, விளைந்த மண், தோண்டிய பருவம் ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும். ஐரோப்பிய மருந்தியல் நூல், மருந்துக்கு உரிய வேரில் குறைந்தது 4 விழுக்காடு இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் குறைந்த அளவையே எடுத்துக்கொள்வோம். ஒரு தேக்கரண்டிச் சூரணம் இரண்டரை கிராம் என்றால், இரண்டு வேளைக்கு 5 கிராம். அதில் கிளைசிரைசின் 200 மில்லிகிராம். நாள்தோறும் உட்கொள்வோருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு 2003இல் கூறியது. தங்கள் தாயார் அதைப்போல் இரு மடங்கை, சூரணம் வீரியமானதாக இருந்தால் நான்கு மடங்கைக்கூட, இரண்டு மாதங்களாக எடுத்து வந்திருக்கிறார்.

பசுந்தளிர் அவர்களுக்கு ஒரு சொல். நெடுங்கால வழக்கு என்பது மதிக்கத்தக்க சான்றுதான். ஆனால் அது எதற்குச் சான்று என்று பார்க்க வேண்டும். உட்கொண்டவுடன் வாந்தியோ மயக்கமோ வந்தால் அதை எந்த மரபும் கண்டுகொள்ளும். இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியே இல்லாத காலத்தில், மெல்ல ஏறும் அழுத்தத்தை ஒரு வேரோடு யார் எப்படி இணைத்துப் பார்த்திருக்க முடியும்?

குணபாடம் எழுதியது:

சித்த மருத்துவம் பயின்று நோயாளிகளைப் பார்ப்பவன் என்ற முறையில், மரபின் பக்கத்திலிருந்தும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். மருந்தாளுநர் கூறியது அனைத்தும் சரி. ஆனால், இரண்டு மாதம் நிறுத்தாமல் அதிமதுரம் தின்னச் சொன்னது சித்த மருத்துவம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

எங்கள் நூல்களில் அதிமதுரம் இனிப்புச் சுவையும் சீத வீரியமும், அதாவது குளிர்ச்சித் தன்மையும், உடையது. உள்ளழலாற்றி, வறட்சியகற்றி, கோழையகற்றி, மலமிளக்கி, உரமாக்கி என்பவை அதன் செய்கைகள். இவற்றைப் படித்தாலே அது யாருக்கு உரியது, யாருக்கு உரியதன்று என்பது விளங்கும். தொண்டை வறண்டு, சளி கட்டியாகி, இருமினால் வெளிவராமல் எரிச்சல் தருகிற நிலையில் அது நல்ல மருந்து. நீர்கோவையும் உடல் கனமும் வீக்கமும் உள்ளவருக்கு, கபத்தைக் கூட்டும் ஓர் இனிப்புச் சரக்கைத் தொடர்ந்து கொடுக்க எந்த மருத்துவனும் துணிய மாட்டான். உப்பும் நீரும் உடலில் தங்குகின்றன என்று மருந்தாளுநர் சொல்வதை நாங்கள் வேறு சொல்லால் சொல்லி வந்திருக்கிறோம் என்றுகூட வாதிடலாம். ஆனால், அப்படி இழுத்துப் பொருத்துவது எனக்கு உவப்பானதன்று. பொட்டாசியத்தை எங்கள் முன்னோர் அறிந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

அளவைப் பொறுத்தவரை, ஆயுர்வேத மருந்தியல் நூல் யஷ்டிமது, அதாவது அதிமதுரத்தின், சூரணத்துக்கு நாள் ஒன்றுக்கு 2 முதல் 4 கிராம் வரை என்கிறது. பெரும்பாலான கூட்டு மருந்துகளில் அதிமதுரம் தனித்து நிற்பதில்லை. திப்பிலி, சித்தரத்தை, ஆடாதோடை போன்ற வெப்பமும் கைப்பும் கார்ப்பும் உடைய சரக்குகளோடு சேர்ந்து வரும். அங்கே அதன் பங்கு சிறியது. பிற சரக்குகளின் கடுமையைத் தணிப்பதும் சுவையைத் திருத்துவதும் அதன் வேலைகள். இந்தச் சேர்க்கையை விட்டுவிட்டு, ஒரு சரக்கைத் தனியே பிரித்து, "இது இருமலுக்கு நல்லது" என்ற ஒற்றை வரியோடு கைமாற்றுவதுதான் இன்றைய வழக்கமாகிவிட்டது. யாருக்கு, எந்த நிலையில், எத்தனை நாள் என்ற மூன்றும் அந்த வரியில் இல்லை.

என் வழக்கம்: இருமலுக்குத் தனி அதிமதுரம் என்றால் ஒரு வாரம். அதற்குள் தணியாத இருமலுக்குக் காரணம் வேறு. அதைத் தேட வேண்டும். இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு உள்ளுக்குக் கொடுப்பதில்லை. கொப்பளித்துத் துப்பச் சொல்வதோடு சரி.

நீலமலர் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அதிமதுரத்தை நிறுத்திவிட்டோம். தாயார் எடுக்கும் மாத்திரைகள் அம்லோடிபின், குளோர்தாலிடோன் ஆகிய இரண்டு. சில நாள்களாகப் படியேறும்போது கால் தளர்வதாகவும், இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். வயதின் காரணம் என்று எண்ணியிருந்தோம். இதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டுமா?

தராசுமுள் எழுதியது:

அவசியம் சொல்ல வேண்டும். நாளை மறுநாள் என்று தள்ளாமல் இன்றே செல்லுங்கள். குளோர்தாலிடோன் ஒரு சிறுநீர்ப்பெருக்கி. அதுவும் பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும் வகையைச் சேர்ந்தது. அதிமதுரமும் அந்த மருந்தும் ஒரே திசையில் இழுக்கும்போது பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். தசைத் தளர்ச்சியும் பிடிப்பும் அதன் அடையாளங்களாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனையோடு இதய மின்வரைபடமும் எடுக்கச் சொல்வார்கள். படபடப்போ மயக்கமோ வந்தால் அவசரப் பிரிவுக்கே செல்லுங்கள்.

கணுக்கால் வீக்கத்துக்கு அம்லோடிபினும் காரணமாக இருக்கலாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். அந்த மருந்துக்கு அது நன்கறியப்பட்ட பக்கவிளைவு. ஆகவே, எல்லாவற்றையும் அதிமதுரத்தின் தலையில் கட்டிவிட்டு மற்றவற்றைப் பாராமல் இருந்துவிட வேண்டாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: ஃபுரோசமைடு, ஹைட்ரோகுளோரோதையசைடு போன்ற சிறுநீர்ப்பெருக்கிகள், இதய மருந்தான டிகாக்சின், ஸ்டீராய்டு வகையான பிரெட்னிசோலோன் ஆகியவற்றை எடுப்பவர்களும் மலமிளக்கிகளை நெடுநாளாக எடுப்பவர்களும் அதிமதுரத்தை உள்ளுக்கு எடுக்கலாகாது. இவற்றுள் டிகாக்சின்தான் எனக்கு அதிக அச்சம் தருவது. பொட்டாசியம் குறைந்த உடலில் அதன் வழக்கமான அளவே நஞ்சாகிவிடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களும் தங்கள் மருத்துவரைக் கேளாமல் தொடக்கூடாது.

பசுந்தளிர் எழுதியது:

தாயார் நலம்பெற வேண்டுகிறேன். மேலே சொல்லப்பட்டவற்றை மறுக்கவில்லை. ஆனாலும், நோயுள்ள ஒருவருக்கு நேர்ந்ததை வைத்து நலமாக உள்ளவர்களையும் அச்சுறுத்துவது சரியா? மேலும், சார்ஸ் வைரசை அதிமதுரத்தின் கிளைசிரைசின் தடுத்தது என்று 2003இல் லான்செட் மருத்துவ இதழிலேயே வெளிவந்ததே. அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

ஆழிமுத்து எழுதியது:

நான் வேதியியல் ஆய்வு மாணவன். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல முயல்கிறேன். அந்த ஆய்வு உண்மையானது. ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் நடந்தது. ஆனால், அது கண்ணாடிக் கலத்தில் வளர்த்த செல்களில் செய்யப்பட்டது. வைரசின் பெருக்கத்தைப் பாதியாகக் குறைக்க ஒரு லிட்டருக்கு 300 மில்லிகிராம் கிளைசிரைசின் தேவைப்பட்டது. மருந்தாளுநர் எழுதியதை நினைவுகூருங்கள்: வாய்வழி உட்கொள்ளும் கிளைசிரைசின் குடலிலேயே உடைந்துவிடுகிறது, அது அதே வடிவில் இரத்தத்தை அடைவது மிகச் சிறிதளவே. ஆகவே, சூரணம் தின்றோ கஷாயம் குடித்தோ அந்தச் செறிவை உடலுக்குள் உண்டாக்க வழியில்லை. ஆய்வகத்தில் வைரசைத் தடுக்கும் பொருள்கள் ஏராளம். அவற்றுள் நோயாளியின் உடலில் வேலை செய்பவை மிகச் சில.

ஜப்பானில் நாள்பட்ட கல்லீரல் அழற்சிக்குக் கிளைசிரைசினை இரத்தக் குழாயில் ஊசியாகச் செலுத்தும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அது கல்லீரல் நொதிகளின் அளவை இறக்குகிறது என்பது காணப்பட்டிருக்கிறது, வைரசை ஒழிப்பதில்லை. ஊசிவழி செலுத்தும்போது குடலின் வேலை தவிர்க்கப்படுகிறது என்பதால், அதை வீட்டுச் சூரணத்தோடு ஒப்பிடவும் முடியாது.

முதல் கேள்விக்கும் தரவு இருக்கிறது. சுவீடனில் 18 முதல் 30 வயது வரையிலான நலமான 28 பேரிடம் நடந்த ஆய்வு 2024இல் வெளியானது. நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசிக் அமிலம் (கிளைசிரைசினின் மற்றொரு பெயர்), அதாவது பாதுகாப்பானது என்று கருதப்பட்ட அதே அளவு, இரண்டு வாரம் கொடுக்கப்பட்டது. இரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 3 மில்லிமீட்டர் அளவுக்கு ஏறியது. சிலரிடம் அதைவிடத் தெளிவாக ஏறியது. மூன்று என்பது ஓர் இளைஞருக்குப் பெரிதன்று. ஆனால், பாதுகாப்பின் எல்லை என்று நாம் நினைத்த இடத்திலேயே விளைவு தொடங்கிவிடுகிறது என்பதும், அது ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதும் கவனிக்கத்தக்கவை. இதற்கு முன்பு, 2001இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் அளவு கூடக் கூட அழுத்தமும் கூடுவதைக் காட்டியிருந்தார்கள்.

மிகக் கடுமையான நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 54 வயதுடைய ஒருவர் மூன்று வாரங்களாக நாள்தோறும் ஒன்றிரண்டு பொட்டலம் அதிமதுர மிட்டாய் தின்று, பொட்டாசியம் வீழ்ந்து, இதயம் நின்று உயிரிழந்தார். 2020இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் அதை விரிவாக வெளியிட்டது. இது அரிதிலும் அரிது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் தின்றது மிட்டாய். மருந்து என்ற நினைப்பே இல்லாமல் தின்றார் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

வெண்டாழை எழுதியது:

வயிற்றுப்புண் இருந்து ஆறியவள் என்ற முறையில் எனக்கு ஒரு கேள்வி. வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரம் மிகச் சிறந்தது என்று பல இடங்களில் படிக்கிறேன். நீலமலர் அம்மையாரின் தாயாருக்கும் நெஞ்செரிச்சல் குறைந்ததாக எழுதியிருக்கிறார். அந்தப் பயன் உண்மைதானா?

தராசுமுள் எழுதியது:

உண்மை இருக்கிறது, அதன் வரலாறும் சுவையானது. ரெவர்ஸ் என்னும் நெதர்லாந்து மருத்துவர் 1940களில் இரைப்பைப் புண் நோயாளிகளுக்கு அதிமதுரச் சாற்றைக் கொடுத்து, பலரிடம் நல்ல பலன் கண்டார். கூடவே, சிலருக்கு முகமும் காலும் வீங்குவதையும் அவரே கண்டு எழுதினார். முன்பு நான் குறிப்பிட்ட நாற்பது ஆண்டுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

அந்தப் பயனை அடிப்படையாகக் கொண்டு, கிளைசிரெட்டினிக் அமிலத்திலிருந்து கார்பெனாக்சலோன் என்னும் மருந்து 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனில் உருவாக்கப்பட்டது. இரைப்பைப் புண்ணை ஆற்றியதாக முறையான சோதனைகளில் நிறுவப்பட்ட தொடக்ககால மருந்துகளுள் அதுவும் ஒன்று. ஆனால், வீக்கமும் பொட்டாசியக் குறைவும் அந்த மருந்தையும் விடவில்லை. 1970களின் பிற்பகுதியில், இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் சிமெட்டிடின் என்னும் மருந்து வந்ததும் அது ஒதுங்கிப்போனது. இரைப்பைப் புண்களில் பெரும்பான்மைக்கு எலிக்கோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவும் வலிநிவாரணி மாத்திரைகளுமே காரணம் என்று இன்று அறிந்திருக்கிறோம். பாக்டீரியாவை ஒழித்தால் புண் திரும்பி வருவது பெரிதும் குறைகிறது. ஆகவே, அதிமதுரத்தால் எரிச்சல் தணியலாம் என்றாலும், காரணத்தை அறியாமல் அதைத் தொடர்வது சரியன்று.

கிளைசிரைசினைப் பெருமளவு நீக்கிய அதிமதுரச் சாரம் மெல்லும் மாத்திரைகளாகக் கிடைக்கிறது. அழுத்தம் ஏறும் அச்சம் அதில் மிகக் குறைவு. ஆனால், புண்ணை ஆற்றுவதில் அதன் சோதனை முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. பயனில் ஒரு பங்கும் கிளைசிரைசினோடு சேர்ந்தே போய்விட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

குணபாடம் எழுதியது:

இதோடு சேர்த்து, தீங்கின்றிப் பயன் கிடைக்கும் வழியையும் பேசிவிட வேண்டும். நான் கொப்பளிப்பைப் பற்றி ஒரு வரியில் எழுதிக் கடந்துவிட்டேன். அதற்கு இன்று நல்ல சான்று இருக்கிறது. அறுவைக்காக மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தப்படும் நோயாளிகளுக்குப் பிறகு தொண்டை வலிப்பது வழக்கம். மயக்கமருந்து கொடுப்பதற்குச் சற்று முன்பாக, அரை கிராம் அதிமதுரத்தை 30 மில்லிலிட்டர் நீரில் கலந்து கொப்பளிக்கச் செய்தால் அந்த வலி குறைகிறதா என்று பார்த்தார்கள். இந்தியாவில் நடந்த சோதனை 2009இல் வெளியானது; 2013இல் வெளியான மற்றொன்றில் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர், ஒப்பீட்டுக்கு அதே இனிப்புடைய சர்க்கரை நீர் பயன்படுத்தப்பட்டது. அதிமதுரம் கொப்பளித்தவர்களிடம் தொண்டை வலி ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. நான் மனநிறைவோடு எடுத்துக்காட்டும் சான்றுகளில் இது ஒன்று. ஏனெனில் நாங்கள் காலங்காலமாகச் சொல்லும் பயனையே, நாங்கள் சொல்லும் அதே வழியில், இனிப்பின் மயக்கமும் நுழைந்துவிடாதபடி சோதித்திருக்கிறார்கள். துப்பிவிடுவதால் உடலுக்குள் செல்வதும் மிகக் குறைவு.

வேரைச் சிதைத்து நீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி, இளஞ்சூட்டில் கொப்பளித்தால் போதுமானது. பாடுவோரும் பேச்சாளரும் ஒரு சிறு துண்டை வாயில் அடக்கிக்கொள்வதுண்டு. நிகழ்ச்சி உள்ள நாளில் அப்படிச் செய்வதில் குறையொன்றும் காணேன். அதை நாள்தோறும் வெற்றிலைபோல் மெல்லத் தொடங்கும்போதுதான் கணக்கு மாறுகிறது.

மேற்பூச்சாகவும் பயன் உண்டு. தோல் அழற்சியில் அரிப்பும் சிவப்பும் குறைவதைச் சிறிய சோதனைகள் காட்டியுள்ளன. நிறத்தை வெளுப்பாக்கும் என்று விளம்பரப்படுத்துவதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

வெண்டாழை எழுதியது:

தெளிவான விளக்கத்துக்கு நன்றி. என் மருமகள் கருவுற்றிருக்கிறாள். இருமலுக்கு அவளுக்குச் சூரணம் கொடுக்கலாமா என்று கேட்கவே இங்கு வந்தேன்.

தராசுமுள் எழுதியது:

வேண்டாம், அம்மா. பின்லாந்து நாட்டில் அதிமதுர மிட்டாய் உண்பது மிகுதி என்பதால் அங்கே இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். கருவுற்ற காலத்தில் வாரம் 500 மில்லிகிராமுக்கு மேல் கிளைசிரைசின் உட்கொண்ட தாய்மாருக்குக் குழந்தை முன்னதாகவே பிறப்பது கூடியிருந்தது. அந்தக் குழந்தைகளைப் பின்னர் தொடர்ந்து பார்த்தபோது அறிவுத்திறன் தேர்வுகளில் சற்றுப் பின்தங்கியிருந்ததும் பதிவாகியுள்ளது. இவை கண்காணிப்பு ஆய்வுகள். காரணத்தை ஐயமற நிறுவியவை அல்ல. ஆனால் வழிமுறை பொருந்துகிறது: தாயின் கார்ட்டிசால் கருவை அடையாதபடி நஞ்சுக்கொடியிலும் அதே நொதிதான் காவல் இருக்கிறது. வாரம் 500 மில்லிகிராம் என்பது, நான் முன்பு போட்ட கணக்கின்படி, வாரத்துக்கு ஐந்து தேக்கரண்டிச் சூரணம். நாளைக்கு ஒன்று கொடுத்தாலே அதைக் கடந்துவிடுவீர்கள். வெந்நீரில் உப்பிட்டுக் கொப்பளிக்கட்டும். இருமல் நீடித்தால் அவளைப் பார்க்கும் மருத்துவரே மருந்து சொல்லட்டும்.

பசுந்தளிர் எழுதியது:

வாதங்களை ஏற்கிறேன், முழுவதுமாக அல்ல. ஆண்களின் இயக்குநீரையும் இது குறைத்துவிடும் என்று வேறோர் இடத்தில் படித்தேன். இப்படியே ஒவ்வொன்றாகச் சேர்த்தால் மக்கள் அதிமதுரத்தைக் கண்டாலே ஓடிவிடுவார்கள். கைப்பக்குவமாக இருந்த மருந்தை நஞ்சாகச் சித்திரிப்பதால் யாருக்கு நன்மை?

ஆழிமுத்து எழுதியது:

டெஸ்டோஸ்டிரோனைப் பற்றிய அந்த முடிவு 1999இல் இத்தாலியில் ஏழு ஆண்களிடம் செய்யப்பட்ட சிறு ஆய்விலிருந்து வந்தது. பின்வந்த சோதனையில் அந்த அளவுக்கு வீழ்ச்சி காணப்படவில்லை. அதை வைத்து அச்சுறுத்துவது தவறு என்பதில் உங்களோடு நான் உடன்படுகிறேன்.

குணபாடம் எழுதியது:

பசுந்தளிர் அவர்களின் கவலை எனக்கும் உண்டு. ஆனால், அதிமதுரத்துக்கு இன்று நேரும் பெரிய அவமதிப்பு, அதை மருந்தாகவே எண்ணாமல் இருப்பதுதான். உடலில் எந்த மாற்றத்தையும் செய்யாத பொருளாக இருந்தால் அது இருமலையும் தணிக்காது. ஜப்பானியரின் கம்போ மருத்துவத்தைப் பாருங்கள். அவர்களது கூட்டு மருந்துகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் அதிமதுரம் இருக்கிறது. கால் தசைப்பிடிப்புக்கென்று அதிமதுரம் மிகுந்த ஒரு மருந்தையே வைத்திருக்கிறார்கள். அதே மருந்தை நீட்டித்தால் பொட்டாசியம் குறைந்து தசை தளரும் என்பதையும் அறிந்து, முதியவர்களுக்குக் கொடுக்கும்போது இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். அவர்கள் மரபைக் கைவிடவும் இல்லை, கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை. மூலிகைகளை ஆராய்ந்த ஜெர்மானிய அரசின் நிபுணர் குழுவும் அதிமதுரத்தின் பயனை ஏற்றுக்கொண்டு, மருத்துவர் மேற்பார்வையின்றி நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு விதித்தது. அந்த வரம்பு நலமானவர்களுக்கு. நான் அதையும் நீளமானதாகவே கருதுகிறேன்.

சரக்கைப் பற்றியும் ஒரு குறிப்பு. குன்றிமணிக் கொடியின் வேரை அதிமதுரத்துக்குப் பதிலாகப் பயன்படுத்தும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அதன் விதை கொடிய நஞ்சு என்பதால், இனம் அறியாமல் தாமாகத் தோண்டியெடுத்துப் பயன்படுத்துவதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். நல்ல அதிமதுர வேரை ஒடித்தால் உட்புறம் மஞ்சளாகவும் நாராகவும் இருக்கும். மென்றால் இனிப்பு மெல்ல ஏறி நெடுநேரம் நிற்கும். அரைத்த பொடியில் இந்தச் சோதனை எதுவும் செய்ய முடியாது. அதனால் நான் வேராகவே வாங்கச் சொல்வேன்.

நீலமலர் எழுதியது:

பரிசோதனை செய்தோம். பொட்டாசியம் குறைவாகவே இருந்தது. மருத்துவர் அதற்கு மருந்து கொடுத்து, மாத்திரைகளையும் மாற்றி, அடுத்த வாரம் மீண்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அதிமதுரத்தை நிறுத்தியபின் இதன் தாக்கம் எவ்வளவு காலம் நீடிக்கும்? தாயார் இருமல் மிட்டாயும் மூலிகைத் தேநீரும் எடுப்பதுண்டு. அவற்றையும் பார்க்க வேண்டுமா?

தராசுமுள் எழுதியது:

தக்க நேரத்தில் சென்றீர்கள். கிளைசிரெட்டினிக் அமிலம் பித்தத்தோடு குடலுக்கு வந்து மீண்டும் உறிஞ்சப்படுவதால் உடலை விட்டு மெதுவாகவே நீங்கும். மலச்சிக்கல் உள்ளவர்களிடம் இன்னும் மெதுவாக. பொதுவாக ஒன்றிரண்டு வாரங்களில் பொட்டாசியமும் அழுத்தமும் சீராகத் தொடங்கும். ஆல்டோஸ்டிரோன், அதன் சுரப்பைத் தூண்டும் ரெனின் ஆகியவற்றின் அளவுகள் பழைய நிலைக்குத் திரும்பச் சில மாதங்கள்கூட ஆகலாம். இடையில் அழுத்தம் இறங்கும்போது மாத்திரையின் அளவு மிகையாகிவிடக் கூடும் என்பதால், வீட்டில் அளந்து எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

மிட்டாய், தேநீர், இருமல் மருந்து, சூரணம் ஆகிய அனைத்தின் உறைகளையும் எடுத்துப் பாருங்கள். அதிமதுரம், யஷ்டிமது, முலேத்தி, லிக்கரிஸ், கிளைசிரைசா என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அது ஒன்றே. மூலிகைத் தேநீர்களில் இனிப்புக்காக இதைச் சேர்ப்பது மிகவும் வழக்கம். பெயரில் துளசி இருக்கும், உட்பொருள் பட்டியலில் அதிமதுரம் முன்னே நிற்கும். ஐரோப்பாவில் இத்தகைய மிட்டாய்களில் கிளைசிரைசின் கிலோவுக்கு 4 கிராமை எட்டினால், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மிகையாக உண்ண வேண்டாம் என்று உறையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். அத்தகைய எச்சரிக்கை இல்லாத உறைகளில் நாம்தான் தேடிப் படிக்க வேண்டும். தாயாருக்கு இனி எவை எவை ஆகும் என்பதை அந்தப் பட்டியல்களோடு மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.